காலையின் முதல் தண்ணீர்

ஜூலை 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலம்தானே என்று கேட்டுவிட்டு நேரே சண்டைக்கு வருகிறேன். போனில் என்றால் 'ம்ம், ம்ம்' போட்டே தப்பித்துவிடுவாய். எழுத்தில் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், அதனால்தான் இந்த வயதிலும் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் உன் அட்டைப்பெட்டி பள்ளிக்கூடத்து வாசலில் வந்து இறங்கியது. உள்ளே நாற்பத்திரண்டு காலி பாட்டில். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீச்சர், பழைய பாட்டில் எடுத்து விக்கிறீங்களா?" என்று கேட்கிறார். பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி புரொபசராக இருக்கும் தம்பி அனுப்பினான் என்று சொன்னால் அதை அவர் நம்பவே இல்லை.

போன விடுமுறையில் என் வீட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு நீ சொன்ன திட்டம் இது. "மூணாம் வகுப்புல இருந்து முதுகலை வரைக்கும் ஒரே பாடம்க்கா. ஊருக்கு உபயோகமா ஒரு வேலை. அதுலயே படிப்பு, அதுலயே மார்க்." அப்போது உனக்குத் தூக்கத்தில் உளறல் என்று நினைத்தேன். இப்போது பார், என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். பக்கத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் தெருவை வரைந்து, வீட்டுக்கு வீடு எண் போட்டு, எந்தக் கட்டிடத்தில் எத்தனை வருடத்துக் குழாய் என்று விசாரித்து எழுதுகிறார்கள். உன் மாணவர்கள் அங்கே சோதித்துப் பார்க்கப் போகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் வரும் முதல் தண்ணீர்தான் வேண்டும் என்று நீ எழுதியிருந்ததைப் பிள்ளைகளிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. ஒருவன் விடியும் முன்பே எழுந்து குழாய்க்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அப்பாவைப் பல் துலக்க விடவில்லையாம். அப்பா வந்து என்னிடம் புகார் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளைகள் தங்கள் தண்ணீர் பரீட்சை எழுதப் போயிருப்பதாக நினைக்கிறார்கள். முடிவு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தாள் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் பேரைக் கெடுத்துவிடாதே.

உன் செல்ல அக்கா


ஜூலை 12

அன்பு அக்காவுக்கு,

நாற்பத்திரண்டும் பத்திரமாக வந்தன. ஒன்றில் மட்டும் மூடி சரியாக இல்லாமல் பாதி கசிந்துவிட்டது. ஒரு பாட்டிலில் யாரோ "எங்க வீட்டுத் தண்ணி. ஜாக்கிரதை" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதை என் மாணவர்கள் எல்லாரும் மாற்றி மாற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா, இதுவரை இவர்களை ஆய்வகத்துக்குள் தள்ளுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது விளக்கை அணைக்க வரும் அட்டெண்டர் கெஞ்சுகிறார், கிளம்புங்கள் என்று. நான் கரைத்து வைத்த கரைசலைச் சோதிக்கும்போது ஒரு புள்ளி முன்னே பின்னே போனால் இவர்களுக்குக் கவலையில்லை. இது ஒரு வீட்டில் குடிக்கிற தண்ணீர் என்றதும் மூன்று முறை பார்க்கிறார்கள். அதிகம் பேசாத ஒரு பெண் இருக்கிறாள், நெட்டையாக, எப்போதும் கடைசியில் நிற்பாள். அவள்தான் இப்போது எல்லாரையும் வேலை வாங்குகிறாள்.

இன்னொரு செய்தி. உயர்மட்டக் குழு ஒன்று வந்து பார்க்கப் போகிறது. பிடித்துப் போனால் எல்லாப் பள்ளி, கல்லூரிகளிலும் இதைப் பாடமாகவே வைத்துவிடுவார்களாம். நூறு மதிப்பெண்ணில் இருபது 'சமூகப் பொறுப்பு' என்ற தலைப்புக்கு. அது என் யோசனைதான். அத்தானிடம் சொல், சிரிக்காமல் சொல்.

தாள் மூன்று வாரத்தில் வந்துவிடும். அது என் பொறுப்பு.

உன் தம்பி


ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

மூன்று வாரம் என்றாய். ஆறாவது வாரம் ஓடுகிறது. தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்பதற்குப் பதிலாக "டீச்சர், எங்க தண்ணி பாஸா ஃபெயிலா?" என்று கேட்கிறார்கள். 'இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்' என்று சொல்லிச் சொல்லி என் வாயே வலிக்கிறது. தண்ணீரைச் சோதிக்கிற வேலை என்ன, தவம் கிடக்கிற வேலையா?

பள்ளிச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், நான் நத்தை என்று கூப்பிடுவேன். போன வருடம் துறுதுறு என்று இருந்தது. வாயை மூடச் சொல்லியே என் தொண்டை போகும். இந்த வருடம் என்ன வந்ததோ தெரியவில்லை, கேள்வி கேட்டால் விழித்துக்கொண்டு நிற்கிறது. எழுத உட்கார்ந்தால் பென்சில் நகர்வதில்லை. வயிறு வலி என்கிறது, தலைவலி என்கிறது. எல்லாம் வீட்டுப்பாடத்துக்கு வருகிற வலி என்று எனக்குத் தெரியாதா! பள்ளிக்கு எதிரில் அந்தப் பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்துக்கு, போன வருடக் கடைசியில்தான் குடிவந்தார்கள். அம்மா தையல்காரி. அப்பா வெளியூரில் லாரி ஓட்டுகிறார். இப்போது கைக்குழந்தை வேறு. நம் பள்ளிச் சீருடை ஆர்டரை அந்த அம்மாவுக்கே வாங்கிக் கொடுத்தேன், ராத்திரி பகல் பாராமல் தைக்கிறார்கள். வீட்டில் இவளைக் கவனிக்க ஆள் இல்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அவள் பாட்டிலின் எண் பதினேழு. "டீச்சர், பதினேழு பாஸானா எனக்கு ஸ்டார் போடுவீங்களா?" என்று கேட்டது. தண்ணீராவது பாஸாகட்டும் என்று நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பதில் போடு.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சோதனை எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் மதிப்பெண் போடுகிற வேலை என்பதால் அறிக்கைகளைத் தேர்வுப் பிரிவு விடைத்தாள் கணக்கில் சேர்த்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை கட்டி, அரக்கு வைத்து, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருக்கிறார். அதற்குள் யாருக்காவது முடிவைச் சொன்னால் அது விடைத்தாளை வெளியிட்ட குற்றமாகும், என் மாணவர்கள் பதினெட்டு பேரின் தேர்வும் ரத்தாகிவிடும். விதி அப்படி. நான் என்ன செய்ய?

பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கச் சொல். நல்ல காரியம் என்றால் கொஞ்சம் நேரமாகத்தான் செய்யும்.

பொதுவாக ஒரு யோசனை. காலையில் குழாயைத் திறந்ததும் வருகிற தண்ணீரைக் குடிப்பதற்கென்று பிடித்து வைக்காமல், ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடிப்பது எங்கேயும் நல்ல பழக்கம். வகுப்பில் அப்படியே ஒரு வார்த்தை சொல்லி வை. வேறு ஒன்றுமில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

அத்தானுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

உன் தம்பி


செப்டம்பர் 27

தம்பிக்கு,

உன் யோசனையை வகுப்பில் சொன்னேன். மறுநாளே ஏழெட்டு அம்மாக்கள் வாசலில் நிற்கிறார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு மாடியிலிருந்து இறங்கி வருகிற வீடுகள் அவை. "அஞ்சு நிமிஷம் சும்மா ஓடவிடுறதா? என்ன டீச்சர் வெளையாடுறீங்களா?" என்று பிடித்துக்கொண்டார்கள். தையல்காரம்மா மட்டும் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏன் டீச்சர், தண்ணியில எதாவது இருக்கா?" என்று கேட்டார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் கூடப் பிறந்தவன்தான் சோதிக்கிறான். இருந்தா சொல்லாம இருப்பானா? நீங்க நல்லா கொதிக்க வச்சுக் குடிங்க, போதும்" என்றேன். சுகாதாரப் பாடத்தில் கரும்பலகையிலும் அதையே எழுதிப் போட்டேன். அந்த அம்மா நிம்மதியாகப் போய்விட்டார்கள்.

நத்தையைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்து எழுதவைக்கிறேன். போன வாரம் அம்மாவைக் கூப்பிட்டு, "இவளுக்குக் கவனம் சுத்தமா இல்லை, சோம்பேறியாயிட்டா" என்று சொன்னேன். அந்த அம்மா பாவம், எனக்கு முன்னாலேயே அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டார்கள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கண்டிப்பு வேண்டும்தானே?

உன் தேர்வாளரின் முழங்காலுக்கு நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்.

அக்கா


அக்டோபர் 18

தம்பிக்கு,

போன் எடுக்கமாட்டாய். கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் வீட்டுக்காரி, "சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருக்கார்" என்கிறாள். என்னடா?

அக்கா


நவம்பர் 2

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கிழித்து எழுதுவது ஐந்தாவது முறை. இந்த முறை கிழிக்கப் போவதில்லை.

ஏழு வீட்டுத் தண்ணீரில் காரீயம் இருக்கிறது. எல்லாம் பள்ளிக்கு எதிரில் உள்ள அந்தப் பழைய கட்டிடம், கீழ்த்தளமும் முதல் தளமும். குழாயே காரீயக் குழாய். ராத்திரி முழுக்கத் தண்ணீர் அதற்குள் நின்று ஊறி, காலையில் முதலில் பிடிக்கும்போது அதிகமாக வருகிறது. பாட்டில் எண்கள்: 5, 6, 11, 17, 18, 23, 30. பதினேழில் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல நான்கு மடங்கு. குழந்தைகளுக்கு இது நரம்பையும் மூளையையும் பாதிக்கும். வயிறு வலிக்கும், தலை வலிக்கும், படித்தது மனதில் நிற்காது. கொதிக்கவைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டும்போது அளவு கூடத்தான் செய்யும்.

இது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். ஜூலை இருபத்தாறு. அந்த நெட்டைப் பெண் என் அறைக்கு வந்தாள். "சார், பதினேழாம் நம்பர் நாலு மடங்கு காட்டுது. மூணு தடவை பார்த்துட்டேன். அந்த ஸ்கூலுக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாமா சார்?" என்று கேட்டாள். நான், "முதல்ல ரிப்போர்ட்டை முடிம்மா. மார்க் வரட்டும், அப்புறம் முறையாச் சொல்லுவோம்" என்றேன். அவள் சரி சார் என்று போய்விட்டாள். சமூகப் பொறுப்பு என்ற தலைப்பில் அவளுக்கு இருபதுக்கு இருபது போட்டேன்.

அன்றைக்கு அறிக்கை அலமாரிக்குள் போகவே இல்லை. அரக்கு வைத்தது ஆகஸ்ட் பத்தாம் தேதிக்கு மேல்தான். அப்புறமும் என் நோட்டில் எல்லா எண்களும் இருந்தன. ஒரு போன் போதும். குழு வருகிற நேரம், தேர்வு ரத்து என்று பேர் வந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். இது நாளைக்கு ஆயிரம் பள்ளிகளுக்குப் போகிற திட்டம், சில வாரம் தாமதமானால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கடிதத்தில் பதினேழு என்று படித்த அன்று எழுந்து போய்ப் போனை எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டேன். வந்து உட்கார்ந்து, 'பொதுவாக ஒரு யோசனை' என்று உனக்கு எழுதினேன்.

ஏழு வீட்டுக்கும் உடனே சொல்லிவிடு. பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். தேர்வாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தகவல் யார் மூலம் வந்தது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லாதே. மாணவர்களுக்காகக் கேட்கிறேன்.

தம்பி


நவம்பர் 8

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது வகுப்பில் இருந்தேன். கணக்கு போடச் சொல்லிவிட்டு மேஜையடியில் வைத்துப் படித்தேன். தலை நிமிர்ந்தபோது நத்தை எனக்கு நேரே உட்கார்ந்திருந்தாள், அவளை முன் வரிசைக்கு மாற்றியதே நான்தான். இன்னும் முதல் கணக்கில் இருந்தாள். இனி அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிடமாட்டேன், எழுதவும்மாட்டேன்.

அன்று மாலையே ஏழு வீட்டுக்கும் ஏறி இறங்கினேன். மறுநாள் அத்தான் லீவு போட்டுவிட்டு வேனில் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தையல்காரம்மாவின் பெரியவளுக்கு ரத்தத்தில் அதிகமாகவே இருக்கிறது. மற்ற வீடுகளில் இரண்டு பிள்ளைகளுக்குக் கொஞ்சம். கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்க அன்று நரம்பு கிடைக்கவில்லை, மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், ஏற்கெனவே ஆனது எவ்வளவு சரியாகும் என்று போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். லாரிக்காரர் நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் அழுதாராம்.

தையல்காரம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்ன மாதிரி நல்லா கொதிக்க வச்சேனே டீச்சர்" என்றார்கள். அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம், "இது எப்ப தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார்கள். நான், "இப்பத்தான்" என்றேன். கேட்டுக்கொள், உனக்காக அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன். என் கூடப் பிறந்தவன் சொல்லாமல் இருப்பானா என்று பெருமையடித்த அதே வாசற்படியில் நின்று சொன்னேன்.

நீ மட்டும் குற்றவாளி என்று தள்ளிவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதைக் கண் முன்னால் பார்த்துக்கொண்டு சோம்பேறி என்று சொன்னவள் நான். அடி வாங்கித் தந்தவள் நான். இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளின் முகத்தைப் படிக்கிறேன் என்று பீற்றிக்கொள்வேன், இனி வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் தம்பி, எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

மாணவர்களுக்காகக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, எனக்குக் காது குத்தாதே. அந்தப் பெண் போன் செய்கிறேன் என்றுதானே உன்னிடம் வந்தாள்?

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம். நீ வந்து, உன் வாயால், தேதியோடு சொல்லவேண்டும். வரவில்லை என்றால் நான் சொல்வேன். அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

அக்கா


நவம்பர் 14

அக்கா,

வருகிறேன்.

திங்கட்கிழமை தேர்வுப் பிரிவு அதிகாரியிடம் நானே போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "நீங்க அன்னைக்கே வந்து கேட்டிருந்தா, தண்ணி ரிசல்ட்டை மட்டும் தனியாக் கொடுக்க ஒரு மணி நேரத்துல ஆர்டர் போட்டிருப்பேனே சார். அறிக்கைதான் விடைத்தாள். தண்ணி எப்படி விடைத்தாளாகும்?" என்றார். ஒரு மணி நேரம், அக்கா. நான் கேட்கவே இல்லை. எனக்குச் சாதகமாக ஒரு விதி இருந்தது, அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பாடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை வரும். குழு இனி வராது. மாணவர்களின் மதிப்பெண்ணுக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள், ரத்தாகும் என்று நான் பயமுறுத்தியதும் வீண். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் நின்றபடியே, "எனக்குத் தொண்ணூத்தி நாலு போட்டிருக்கீங்க சார். அதை வச்சு நான் என்ன பண்றது? நான் அன்னைக்கு உங்களைக் கேக்காமலே போன் பண்ணியிருக்கணும்" என்றாள். தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறாள். இதைத்தான் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது.

கட்டிடத்தின் குழாய்களை மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறேன், இங்கிருந்து அதிகாரிகளைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். அங்கே ஆட்கள் வந்தார்களா?

கூட்டத்தில் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாழ்க்கை முழுக்க மேடையில் பேசியவன்.

தம்பி


நவம்பர் 22, மாலை

தம்பிக்கு,

உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்து முகம்கூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நீ சுற்றி வளைக்காமல் பேசினாய். "ஜூலை இருபத்தாறாம் தேதி எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை" என்று எடுத்த எடுப்பில் சொன்னாய். விதி, தேர்வாளர், முழங்கால் எதையும் இழுக்கவில்லை. சில பேர் கத்தினார்கள், கத்தத்தான் செய்வார்கள். தலையைக் குனிந்துகொள்ளாமல் கேட்டாய். நானும் எழுந்து, இப்பத்தான் தெரிஞ்சது என்று நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் தையல்காரம்மா உன்னிடம் வந்து, "நேர்ல வந்து சொன்னீங்களே சார், அதுவே போதும்" என்றதும் நீ அழுதாய். பஸ்ஸில் ஏறும்போது உன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஜன்னல் வழியாகக் கையைக்கூட ஆட்டினாய். குழாய்க்கு ஆட்கள் வந்து தரையைத் தோண்டியிருப்பதை நீயே பார்த்தாய்.

நான் திரும்பி வரும்போது அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார்கள். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சின்னவனின் ரிசல்ட்டை வாங்கி வந்திருக்கிறார்கள். அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அக்காளுக்கு இருப்பதைப் போல இவனுக்கு இரண்டு மடங்கு இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை.

எனக்குப் புரியவில்லை, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைதானே என்றேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சீருடை ஆர்டர் வந்துச்சுல்ல டீச்சர், ஆகஸ்ட் ஒண்ணாந்தேதிதான் தைக்க உக்காந்தேன். மெஷினை விட்டு எந்திரிக்க முடியலன்னு அன்னைலருந்து புட்டிப் பாலுக்கு மாத்துனேன். காலையில மொதத் தண்ணிய நல்லா கொதிக்கவச்சு, ஃப்ளாஸ்க்ல ஊத்தி, நாள் பூரா அதுலதான் பால் கரைப்பேன். சார் இன்னைக்கு ஜூலை இருபத்தாறுன்னு தேதி சொன்னாருல்ல, அப்பவே மனசுக்குள்ள எண்ணிப் பாத்துட்டேன். அன்னைக்குச் சொல்லியிருந்தா இவன் வாயில ஒரு சொட்டுக்கூட போயிருக்காது. ஆறு நாள் இருந்துச்சு டீச்சர்."

கூட்டத்திலேயே எண்ணிவிட்டுத்தான் உன்னிடம் வந்து அதுவே போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். கிளம்பும்போது, "சார்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே ஒடஞ்சு போயிருக்காரு, பாவம்" என்றார்கள்.

சொல்ல வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்து தலையைக் கொடுத்தவன், ஒரு மாதம் போகட்டும், ஆள் தேறட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிவரை போய்விட்டேன். அங்கே நின்றபோது எனக்கு உடம்பு கூசியது. ஜூலை இருபத்தாறாம் தேதி நீயும் இப்படித்தானே நினைத்திருப்பாய், நல்லதுக்குத்தான் கொஞ்சம் பொறுக்கிறோம் என்று? எவ்வளவு சுலபமாக வருகிறது தம்பி அந்த நினைப்பு. கெட்ட எண்ணம் மாதிரியே இல்லை.

அதனால் ரிசல்ட் கைக்கு வந்த இன்றைக்கே எழுதிவிட்டேன். அத்தான் தபாலாபீஸ் பக்கம் போகிறார், கொடுத்துவிடுகிறேன். நீ இதைப் படித்துவிட்டுச் சாப்பிடமாட்டாய், தூங்கமாட்டாய். அந்த ஆர்டரை வாங்கிக் கொடுத்தவள் நான், கொதிக்க வைக்கச் சொன்னவள் நான், நானும் தூங்கமாட்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இனி வாரத்துக்கு ஒரு நாள் அந்த அக்காளையும் தம்பியையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். எவ்வளவு காலம் என்று டாக்டருக்கே தெரியவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கவேண்டும், சின்னவனைத் தூக்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். உன் ஊரிலிருந்து ஐந்து மணிக்கு முதல் பஸ். இதற்கு மார்க் கிடையாது.

அக்கா